என் அண்ணன் டாக்டர் அல்ல

என் அண்ணன் சவரிமுத்து டாக்டர் அல்ல. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். அவரை டாக்டர் என்று நம்புகிறவர்கள் இன்னும் எங்கெங்கோ இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கண்ணிலாவது இது பட வேண்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

அண்ணன் கோலார் தங்கவயல்காரர். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பதினெட்டு வருடம் பூமிக்கு அடியில் பாறை துளைத்தார். நெஞ்சில் தூசி படிந்து இருமல் விடாமல் பிடித்துக்கொண்டபோது, மேலே மணி அடிக்கிற வேலைக்கு மாற்றினார்கள். ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று, எத்தனை பேர் இறங்கினார்கள், எத்தனை பேர் ஏறினார்கள் என்று எண்ணி மணி கொடுக்க வேண்டும். ஒருநாள் ஷிப்ட் முடிந்து ஓர் ஆள் குறைந்தது. மேஸ்திரி, "வேற கூண்டுல ஏறிப் போயிருப்பான், நீ வா" என்று கூப்பிட்டும் அண்ணன் அசையவில்லை. கீழே ஆள் அனுப்பித் தேடினால், அந்த மனிதன் ஒரு மூலையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லைன் வீடுகளில் அதை வருடக்கணக்காகச் சொல்லிச் சிரித்தார்கள். அண்ணனுக்கு மட்டும் அதில் சிரிக்க ஒன்றும் இருந்ததில்லை.

2001இல் சுரங்கத்தை மூடினார்கள். அண்ணி அதற்கு முன்பே இறைவனடி சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. ஒரு டிரங்குப் பெட்டியோடு பெங்களூர் ஜீவனஹள்ளியில் என் வீட்டுக்கு வந்தார். ஆறு வருடம் கழித்து, நான் சமையல் வேலை பார்த்த ஆபீசிலேயே அவருக்கும் வாட்ச்மேன் வேலை கிடைத்தது.

அந்த ஆபீஸ் காக்ஸ் டவுனில் ஒரு பழைய வீடு. கூடத்தில் பன்னிரண்டு கம்ப்யூட்டர். பின்னால் நான், என் அடுப்பு, என் டீ பாத்திரம். முதலாளி பாலகுமார், ஈரோட்டுப் பிள்ளை, முப்பது வயது கூட இருக்காது. அங்கே நாள் முழுக்கக் கட்டுரை எழுதினார்கள். எழுதுகிறவர்களில் மூத்தவள் நோரா. அவளும் தங்கவயல் பெண்தான், இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவள், ஞாயிறு பூசையில் எங்கள் பக்கத்து பெஞ்சு.

"இத்தனை கட்டுரையை யாரும்மா படிக்கிறாங்க?" என்று ஒருநாள் டீ கொடுக்கும்போது கேட்டேன்.

"யாரும் படிக்க வேணாம் ஆன்ட்டி. மெஷின் பாத்தா போதும்" என்றாள்.

பிறகு விளக்கினாள். இன்டர்நெட்டில் ஒருவர் இருமல் மருந்து என்று தேடினால், முதலில் எந்தக் கடை வருகிறதோ அந்தக் கடைக்குத்தான் வியாபாரம். நிறைய இடங்களில் இருந்து அந்தக் கடையைக் கைகாட்டினால்தான் அது முதலில் வரும். தானாகக் கைகாட்ட ஆள் இல்லாதபோது, இவர்களே கட்டுரை எழுதி, வேறு வேறு பெயரில், வேறு வேறு இடத்தில் போட்டு, ஒவ்வொன்றின் அடியிலும் அந்தக் கடைக்கு வழி வைப்பார்கள். ஒரே கட்டுரையை வார்த்தை மாற்றி இருபது விதமாக எழுதுவதும் உண்டு.

ஒரே ஆள் இருபது வீட்டு ஜன்னலில் இருந்து எட்டிப் பார்த்து ஒரே சாட்சியைச் சொல்வது போல எனக்குப் பட்டது. ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. ஷாம்பு, சூட்கேஸ், நாய் பிஸ்கட் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். நாய் பிஸ்கட்டால் யாருக்கு என்ன கெடுதல் என்று இருந்துவிட்டேன். அது என் தவறு.

மூச்சிரைப்புக்கான மூலிகை கேப்சூல் விற்கும் ஒரு கம்பெனி இவர்களிடம் வந்தது. நோராவுக்கு நுரையீரலைப் பற்றி ஒன்றும் தெரியாது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"அங்கிள், இருமல் வந்தா உங்களுக்கு எப்படி இருக்கும்?"

"எப்படின்னா? நெஞ்சு மேல ஒரு கல்ல வெச்சா மாதிரி கீதும்மா. படுத்தா கல்லு உருளுது, உக்காந்தா நிக்குது. அதனால நாலு தலகாணி வெச்சு உக்காந்துகினே தூங்கறது."

"டாக்டர்கிட்ட இதச் சொன்னீங்களா?"

"அவரு எங்கம்மா கேக்கறாரு? எக்ஸ்ரேவப் பாப்பாரு, சீட்டு எழுதுவாரு. அடுத்த ஆளு உள்ள வந்துடுவான்."

நோரா எழுதிக்கொண்டாள். அண்ணன் இன்னும் நிறையச் சொன்னார். தன் நோயை யாரோ உட்கார்ந்து கேட்கிறார்கள் என்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம். நான் தட்டு கழுவிக்கொண்டே கேட்டேன்.

அடுத்த வாரம் பாலகுமார் கேமராவோடு கேட்டுக்கு வந்தார்.

"அண்ணா, உங்க மூஞ்சில ஒரு களை இருக்குதுங்க. ஒரே ஒரு போட்டோ."

"வாட்ச்மேன் போட்டோ எதுக்கு சார்?"

"வாட்ச்மேன் இல்லீங்ணா, டாக்டர். எழுதறவங்க படம் போட்டாத்தான் நம்புவாங்க. வெளிநாட்டு டாக்டர் படத்த எடுத்துப் போட்டா கேஸ் போடுவேங்கிறாங்க."

அண்ணன் சிரித்தார், சிரிப்பு இருமலாகி, கண்ணில் தண்ணீர் வந்தது. "ஊசியக் கண்டாலே ஓடறவன் சார் நானு!"

"சும்மா ஒரு வேஷம்ங்ணா. நாடகத்துல போடறதில்லையா?"

அதுதான் அவரை மடக்கியது. தங்கவயலில் தவக்கால நாடகத்தில் ஏழு வருடம், இயேசுவுக்குத் தீர்ப்புச் சொன்ன பிலாத்து வேஷம் கட்டியவர் அவர். "பிலாத்தையே கலைச்சுட்டு வந்துட்டேன், இது இன்னா பெருசு" என்று காக்கிச் சட்டைக்கு மேல் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டார். நோராவின் தங்கை நர்சிங் படிக்கிறாள், அவளுடைய கோட்டு. ஸ்டெதஸ்கோப் கிடைக்காததால் கையில் ஒரு ஃபைலைக் கொடுத்தார்கள். அது நான் சமையல் கேஸ் பில் வைக்கிற ஃபைல்.

படம் அபாரமாக வந்தது. வெள்ளை முடி, மூக்குக் கண்ணாடி, அடர்ந்த மீசை. 'டாக்டர் எஸ். முத்து, நுரையீரல் நோயில் முப்பது வருட அனுபவம், பெங்களூர்' என்று கீழே போட்டார்களாம். விலாசம் இருந்தால் இன்னும் நம்புவார்கள் என்று ஆபீஸ் விலாசத்தையும் ஓரிடத்தில் போட்டார்களாம். இவை எங்களுக்குத் தெரியாது. பாலகுமார் கொடுத்த ஒரு பிரதியை அண்ணன் சட்டம் போட்டு, எங்கள் வீட்டில் திருக்குடும்பப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். நானும் போகும்போதும் வரும்போதும் பார்த்துப் பெருமைப்பட்டேன்.

பத்து மாதம் போயிற்று. 2008 ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை, பதினோரு மணி இருக்கும். கேட்டில் ஓர் ஆட்டோ நின்றது. என் வயதுப் பெண் ஒருத்தி இறங்கினாள். தோளில் எக்ஸ்ரே கவர் துருத்திக்கொண்டிருக்கும் பை. ஆட்டோவுக்குள் ஒரு மனிதர் முன்கம்பியைப் பிடித்துக் குனிந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நான் அண்ணனுக்கு டம்ளரில் மோர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, சொம்போடு அங்கேயே நின்றேன்.

அந்தப் பெண் அண்ணனைப் பார்த்தாள். இரண்டு கையையும் கூப்பினாள்.

"டாக்டர் ஐயா!"

அண்ணன் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை.

"யாரும்மா வேணும்?"

"இன்னா சாமி, நீங்களே கேக்கறீங்க? தங்கவயலுலருந்து வர்றோம். எம் பேரு கோவிந்தம்மா, அது எங்கூட்டுக்காரரு நாராயணசாமி, சுரங்கத்துல வேல செஞ்சவரு. மாரிக்குப்பம் ரயிலு வண்டில வந்து, ஈஸ்ட் ஸ்டேஷன்ல எறங்கி, இந்தப் பேப்பர ஆட்டோக்காரன்கிட்ட காட்டிகினு வந்தோம்."

"நான் டாக்டர் இல்லம்மா. வாட்ச்மேன்."

"பெரிய மனுசங்க இப்டித்தான் எளிமையா இருப்பாங்க."

"அய்யோ, இல்லம்மா. இந்தச் சட்டையப் பாரு. நான் அவரு இல்ல."

"சட்டய மாத்தினா மூஞ்சி மாறிடுமா சாமி? மீச கீது, கண்ணாடி கீது." அவள் மடித்த தாளைப் பிரித்தாள். பிரவுசிங் சென்டரில் எடுத்த பிரிண்ட். மேல் மூலையில் வெள்ளைக் கோட்டில் என் அண்ணன்.

"நான் இல்ல" என்றார் மூன்றாவது முறையாக. என் கையிலிருந்த சொம்பு சாய்ந்து மோர் என் காலில் கொட்டியது. அப்போது அதுகூட எனக்குத் தெரியவில்லை.

அவள் விடாமல் பேசினாள். "நெஞ்சு மேல கல்ல வெச்சா மாதிரி, படுத்தா உருளும், உக்காந்தா நிக்கும்னு எழுதிகீறீங்களே. எம் புள்ள படிச்சு அர்த்தம் சொன்னான். எங்கூட்டுக்காரரு அழுதுட்டாரு சாமி. 'கோவிந்தம்மா, இந்த டாக்டருக்குத்தான் என் வலி தெரிஞ்சுகீது'ன்னாரு. எத்தினி ஆஸ்பத்திரி போயிருப்போம், ஒருத்தரு இதச் சொன்னாங்களா?"

அண்ணன் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவருடைய சொந்த வலி, அவர் சோறு சாப்பிட்டுக்கொண்டே சொன்ன வார்த்தை, இங்கிலீஷில் எங்கெங்கோ சுற்றிவிட்டு ஓர் அந்நியப் பெண்ணின் வாயில் அவரிடமே திரும்பி வந்திருந்தது.

"உஷாரான பையன் சாமி எம் புள்ள. ஒரே எடத்துல சொன்னா நம்பமாட்டான். நாலு எடத்துல பாத்தான். நாலு பேரு நாலு விதமா, ஆனா அதையேதான் சொல்றாங்க. அப்புறந்தான் நம்பினான்."

சத்தம் கேட்டு நோரா வராந்தாவுக்கு வந்திருந்தாள். அந்த நாலு பேரும் அவள்தான். அவள் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன்.

"இன்னாத்த நம்பினீங்க?" என்று கேட்டார் அண்ணன்.

"டி.பி. மாத்திரைய நிறுத்திட்டோம். அந்த மாத்திரதான் நெஞ்சக் காய வெக்குதுன்னு எழுதிகீறீங்களே. கேப்சூல் மட்டும் குடுக்கறேன். தொண்ணூறு நாளுல கொணமாவும்னீங்க. இன்னியோட எண்பத்தாறு. கொணம் ஆவல சாமி, மோசமாய்கினு போவுது. அதான் நேருல கூட்டியாந்தேன். நாலு நாளு கீது, அதுக்குள்ள எதுனா பண்ணுங்க."

நோரா பிறகு என்னிடம் அழுது சொன்னாள். அவள் எழுதிய முதல் கட்டுரையில், டாக்டரைக் கேட்காமல் எந்த மாத்திரையையும் நிறுத்தக் கூடாது என்று ஒரு வரி இருந்ததாம். அந்த வரி இருந்தால் ஜனங்கள் கேப்சூலை நம்பமாட்டார்கள் என்று கம்பெனிக்காரர்கள் எடுக்கச் சொன்னார்களாம். எடுத்துவிட்டாள். பிறகு மாத்திரையைக் குறை சொல்லி ஒரு வரி சேர்க்கச் சொன்னார்கள். சேர்த்துவிட்டாள். யாரும் படிக்கப் போவதில்லை, மெஷின் பார்த்தால் போதும் என்று நினைத்துத்தானே எழுதினாள்.

அண்ணன் கேட்டைப் பூட்டினார். சாவியை நோராவின் கையில் வைத்தார். எனக்குத் தெரிந்து, வேலை நேரத்தில் அவர் நின்ற இடத்தை விட்டு நகர்ந்தது அன்றைக்குத்தான்.

"மலரு, ஆட்டோல ஏறு" என்றார்.

அரசு நெஞ்சுநோய் ஆஸ்பத்திரியில் வரிசை நீளமாக இருந்தது. அண்ணன் நாராயணசாமியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "சுரங்கத்து ஆளு சார், மூச்சு நிக்கப்போவுது, வழி விடுங்க" என்று கத்திக்கொண்டே உள்ளே போனார். கத்தக் கத்த அவருக்கே மூச்சு முட்டியது. இரண்டு பேரில் யார் நோயாளி என்று நர்ஸ் கேட்டாள்.

டாக்டர் பழைய எக்ஸ்ரேயையும் புதிய எக்ஸ்ரேயையும் விளக்கில் வைத்துப் பார்த்தார். திரும்பினார். "நாலாவது மாசத்துல மாத்திரைய நிறுத்தச் சொன்னது யாரு?"

கோவிந்தம்மா விரலை நீட்டினாள். "இவருதாங்க."

டாக்டர் அண்ணனைப் பார்த்தார். காக்கிச் சட்டை, தோளில் செக்யூரிட்டி பட்டி, வியர்வை. நான் "அய்யோ, இல்லீங்க" என்று வாயெடுப்பதற்குள் அண்ணன் சொன்னார்:

"ஆமா சார். நாந்தான்."

கேட்டில் மூன்று முறை இல்லை என்றவர், தன்னைப் பிடித்துப் போலீசில் கொடுக்கக்கூடிய இடத்தில் ஆமாம் என்றார். டாக்டர் திட்டின திட்டு கொஞ்சம் அல்ல. "தும்ப தப்பு மாடிதீரி", ரொம்பத் தப்புப் பண்ணிட்டீங்க என்று கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தார். அண்ணன் தலை குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

நாராயணசாமியை அட்மிட் செய்தார்கள். மாத்திரையை முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும், ஊசியும் சேர்த்து. அண்ணன் ஒவ்வொரு வியாழனும் போய் உட்கார்ந்து, மாத்திரை அட்டையில் காலியான குழிகளை விரலால் தொட்டு எண்ணிவிட்டு வருவார். ஆறேழு மாதத்தில் அந்த மனிதர் எழுந்து நடந்தார். அதற்கு ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

ஆனால் அண்ணனின் முகம் திரும்பி வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை கழிந்து திங்கட்கிழமையே பாலகுமாரிடம் போய் நின்றார். "சார், அந்தப் படத்த எடுத்துடுங்க."

பாலகுமார் பயந்துதான் போயிருந்தார். அங்கேயே தன் பக்கத்தில் இருந்ததை அழித்துக் காட்டினார். "நம்முளத எடுத்துட்டேங்ணா. ஆனா நூத்தி எண்பது சைட்ல போட்டிருக்கோம். அதுலருந்து எவனெவனோ காப்பி எடுத்துப் போட்டிருக்கான். அதெல்லாம் நம்ம கையில இல்லீங்க."

"மொத்தம் எத்தினி எடம்?"

"அத எண்ண முடியாதுங்ணா."

"இறக்கி விட்டது நீங்க. எத்தினி இறங்குச்சுன்னு எண்ணாமயா இறக்கினீங்க?" என்று அண்ணன் மெதுவாகக் கேட்டார்.

நோரா அந்தக் கம்பெனி வேலையை இனித் தொடமாட்டேன் என்றாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில், படம் இருக்கிற ஒவ்வோர் இடத்துக்கும் எடுத்துவிடுங்கள் என்று கடிதம் அனுப்பினாள். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் கோடு போட்டார். எடுத்த இடத்துக்குக் கோட்டின் மேல் ஒரு சிலுவை. அறுபது சிலுவை வருவதற்குள் கோடு முந்நூறைத் தாண்டிவிட்டது.

செய்த பாவத்தை ஃபாதரிடம் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். வெளியே வந்து தானே என்னிடம் சொன்னார். "ஃபாதர்கிட்ட கேட்டேன் மலரு. வாயால சொன்னாதான் பொய்ச்சாட்சியா, மூஞ்சால சொன்னா?"





அடுத்த ஞாயிறு பூசைக்குக் கிளம்பும்போது அறையிலிருந்து யாரோ புது ஆள் வருகிறார் என்று பதறி எழுந்தேன். அண்ணன்தான். மீசை இல்லை. முப்பது வருட மீசை. மேலுதடு குழந்தையுடையது போல வெளுத்துக் கிடந்தது. "அந்த டாக்டருக்கு மீச கீதில்ல? இப்ப நான் அவன் இல்ல" என்றார். சுவரில் இருந்த படத்தையும் இறக்கி, கண்ணாடியை எடுத்துவிட்டு, அடுப்பில் வைத்தார். அது எரிந்து சுருளும் வரை நின்று பார்த்தார். அங்கே ஒன்று போயிற்று என்று நோட்டில் ஒரு சிலுவையும் போட்டுக்கொண்டார்.

2009 நவம்பரில், பகல் நேரத்தில், நாலு தலையணையில் சாய்ந்தபடியே அண்ணன் போய்விட்டார். நினைவு அட்டைக்குப் படம் தேடினோம். சுரங்கத்து அடையாள அட்டையில் இருந்த சின்னப் படத்தைப் பெரிதாக்கினோம். கலங்கலாக இருக்கிறது, பரவாயில்லை. நாராயணசாமியும் கோவிந்தம்மாவும் தங்கவயலில் இருந்து வந்து சவப்பெட்டிக்குப் பக்கத்தில் கடைசி வரை உட்கார்ந்திருந்தார்கள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து நோரா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போனாள். கம்ப்யூட்டரில் ஒரு பக்கத்தைத் திறந்தாள். அண்ணன். வெள்ளைக் கோட்டு, கேஸ் பில் ஃபைல், மீசை. கீழே ஒரு கட்டுரை.

"இது பழசு தானேம்மா?"

"இல்ல ஆன்ட்டி. தேதியப் பாருங்க. போன செவ்வாக்கிழம. நான் எழுதல, எங்க ஆபீசும் இல்ல. கேப்சூல் கம்பெனி வேற யார்கிட்டயோ வேலையக் குடுத்துட்டாங்க. அங்கிள் பேரு, படம் எல்லாத்தயும் அவங்களே வெச்சுகிட்டாங்க."

மண்ணுக்குள் வைத்து மாதம் ஆன என் அண்ணன் போன செவ்வாய்க்கிழமை கட்டுரை எழுதியிருக்கிறார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மூன்று முறை 'அருள்நிறைந்த மரியே' ஜெபம் சொன்னேன்.

"என்னன்னு எழுதியிருக்கு?"

"சுவாசம் சீராகி நூறு வயசு வாழ வழி." அவள் கண்ணைத் துடைத்தாள். "அடியில ஒருத்தர் கேள்வி கேட்டிருக்கார் ஆன்ட்டி. எங்க அப்பாவுக்கும் இதே மாதிரி இருக்கு டாக்டர், பதில் போடுங்கன்னு."

கேட்டில் வந்து நின்ற கோவிந்தம்மாவின் கூப்பிய கை எனக்குத் தெரிந்தது. யாரோ ஒருவர் இன்னும் கீழே இருக்கிறார். மணி கொடுக்க அண்ணன் இல்லை.

"பதில் போடு" என்றேன். "நான் சொல்றேன், நீ இங்கிலீஷ்ல அடி."

நான் சொன்னது இதுதான்: 'இந்தப் படத்தில் இருப்பவர் டாக்டர் அல்ல. இவர் பெயர் சவரிமுத்து. சுரங்கத்தில் வேலை செய்தவர், பிறகு வாட்ச்மேன். இந்தக் கேப்சூலை இவர் சாப்பிட்டதும் இல்லை, சாப்பிடச் சொன்னதும் இல்லை. இதே மூச்சிரைப்பில் போன மாதம் இறந்தார். உங்கள் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள். இப்படிக்கு, இவர் தங்கை மலர், ஜீவனஹள்ளி.'

நோரா அடித்துவிட்டு, "எத்தன எடத்துல போடணும் ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

"படம் இருக்கிற இடத்துல எல்லாம்."

அன்றைக்குப் பதினோரு இடத்தில் போட்டோம். அண்ணனின் நோட்டில் பதினோரு கோடு. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து போய்ப் பார்த்தால், முதல் இடத்தில் எங்கள் பதிலை யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். படம் மட்டும் இருந்தது. நோரா என்னைப் பார்த்தாள். நான் நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"மறுபடி அடிம்மா" என்றேன். "இந்தப் படத்தில் இருப்பவர் டாக்டர் அல்ல."